பெரியவளின் முட்டியில் சின்னவள் ஏறிய மாடிகள்

மகளின் கல்யாணம் முடிந்த பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, பத்திரப்பதிவு அலுவலகத்தின் தரைத்தளத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்த பெரியவளின் வலது முழங்கால் நான்கு மாடி ஏறியது. பெரியவள் எழுந்திருக்கவில்லை. பாதம் தரையில்தான் இருந்தது, செருப்புகூடக் கழலவில்லை. பக்கத்து மேசை நகல் எழுத்தர் மூட்டிலிருந்து வந்த சொடுக்குகளை முப்பத்தாறு வரை எண்ணினார். எழுபத்திரண்டு படி உள்ள கட்டடத்தில் வலது காலின் பங்கு அவ்வளவுதான். பிறகு முழங்கால் சற்று நின்றது, எதையோ குறித்துக்கொள்வது போல, அப்புறம் இறங்கியது. அன்று சாயங்காலத்துக்குள் அது பதினேழு கட்டடம் ஏறி இறங்கிவிட்டது. வீட்டுக்குப் போகப் பெரியவள் ஆட்டோ பிடிக்க வேண்டியதாயிற்று.

எலும்பு மருத்துவர் இரண்டு வருஷம் படம் எடுத்துப் பார்த்தார். மூன்றாவது படத்தில் மூட்டு தேய்ந்து, எலும்பும் எலும்பும் முத்தமிட்டுக்கொண்டிருந்தன. “என்ன வேலைம்மா பாக்குறீங்க?” என்று கேட்டார். டைப் அடிக்கிறேன் என்றாள். எத்தனாவது மாடி என்றார். தரைத்தளம் என்றாள். “மூட்டை தூக்குறவங்களுக்குக்கூட இப்படித் தேயாது. எங்கிட்ட மறைக்காதீங்க” என்று சொல்லி, வலிக்கு வேளைக்கு இரண்டாக மாத்திரை எழுதினார். மாத்திரை கேட்கவில்லை. ஊசி குத்தும் அம்மாள் முட்டியைச் சுற்றி இருபது ஊசி நட்டாள், ஒன்றுகூட உறைக்கவில்லை. எண்ணெய் தேய்ப்பவர் ஒரு மணி நேரம் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க எண்ணெய் எங்கேயோ காணாமல் போயிற்று, முட்டி காய்ந்த சுண்ணாம்புச் சுவர் மாதிரி அப்படியே இருந்தது. அலுவலகத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். முட்டியைத் தவிர மற்ற எல்லாருக்கும் அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது.

அதே இரண்டு வருஷத்தில் ஊரின் இன்னொரு பக்கத்தில் அவளுடைய தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவள். ஊரிலுள்ள மாடிப்படியெல்லாம் அவள் காலுக்குத் தெரியும். காலை ஒன்பதுக்கும் மதியம் இரண்டுக்கும் வாயில் திடீரென்று ஒரு கசப்பு ஏறும், அடுத்த அரை மணியில் எந்தப் படியில் இருக்கிறாளோ அந்தப் படியில் சாய்ந்துவிடுவாள். குடியிருப்பவர்கள் பழகிப்போய், அவளைத் தாண்டிப் போகக் கற்றுக்கொண்டார்கள். ஒரு வீட்டில் அவளுக்கென்றே ஒரு தலையணை வைத்திருந்தார்கள். அவளுடைய வலது முட்டி மட்டும் எந்நேரமும் எண்ணெய் வழிந்து பளபளத்தது. தூங்கியதற்காக மேலதிகாரி இரண்டு முறை விளக்கம் கேட்டார். விழித்திருக்கும் நேரத்தில் அவள் இருபது வயதுப் பெண்ணைப் போல இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியதால் வேலை தப்பித்தது.

அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. கல்யாண மேடையில் குடும்பப் படம் எடுத்தபோது சின்னவளைக் கூப்பிடவில்லை என்பது சின்னவள் கட்சி. கூப்பிட்டும் வரவில்லை என்பது பெரியவள் கட்சி. படத்தில் அவள் இல்லை என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

விஷயத்தைக் கண்டுபிடித்தது பெரியவளின் கணவர். பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்தவர். எதையும் மணி போட்டு எழுதினால்தான் அவருக்குப் புரியும். மனைவியின் வலியை மூன்று மாதம் ஒரு நோட்டில் எழுதினார். ஒன்பது மணிக்குப் புறப்பாடு, ஒன்றுக்குச் சாப்பாட்டு இடைவேளை, இரண்டு முதல் ஐந்து மறுபடி ஓட்டம், ஞாயிறும் அரசு விடுமுறையும் வலி கிடையாது. நோட்டை மூடி வைத்துவிட்டு, “இது நோய் மாதிரி தெரியல, டூட்டி மாதிரி இருக்கு” என்றார்.

பெரியவள் நீண்ட விடுப்பில் வீட்டிலிருந்த ஒரு நாள், அவர் ஜன்னலோரம் நின்று எதிர்க் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிப்பக்கப் படிக்கட்டில் மைத்துனி கையில் கருவியோடு ஏறினாள். சமையலறையில் மனைவி “அம்மா, அம்மா” என்று மைத்துனியின் வலது காலடிக்கு ஒன்றாக முனகினாள். அவள் நின்றாள், இவள் நிறுத்தினாள். அவள் இறங்கினாள், இவள் வேறு சுருதியில் ஆரம்பித்தாள். அவர் மனைவியைக் கைத்தாங்கலாக ஜன்னலுக்குக் கூட்டி வந்து காட்டினார். பெரியவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். “பேச மாட்டாளாம். என் முட்டில மட்டும் ஏறிப் போவாளாம்” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

சின்னவள் முதல் மாடித் திருப்பத்தில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். அவள் அசையாததால் பெரியவளுக்கு வலி இல்லை, விறுவிறுவென்று ஏறிவந்தாள். அக்காவின் ஒவ்வொரு படிக்கும் தங்கை தன் வலது முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“காலைல என்ன முழுங்குன?” என்று கேட்டாள் சின்னவள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அக்காவிடம் அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

“வலிக்கு மாத்திரை. ரெண்டு.” பெரியவள் இடுப்பில் செருகியிருந்த பட்டையை எடுத்துக் காட்டினாள்.

“கசக்குதுக்கா. ரெண்டு தடவ மெமோ வாங்கிட்டேன்.”

“நீ ஏறுற, நான் தேயுறேன். மெமோதான் பெருசா போச்சா உனக்கு? வர்ற திங்கக்கிழமை எனக்கு ஆபரேஷன். மூட்ட எடுத்துட்டு இரும்பு வைக்கப் போறாங்க.”

சின்னவள் முகம் வெளுத்துவிட்டது. மாத்திரை வந்த வழியில் கத்தியும் வரும் என்று கணக்குப் போட அவளுக்கு நேரமாகவில்லை. மாத்திரைப் பட்டையை அக்காவின் கையிலிருந்து பிடுங்கி, ஒன்றைத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள். இருவரும் படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். இருபதாவது நிமிஷம் பெரியவளுக்கு வாய் கசந்தது, முட்டி பஞ்சு மாதிரி லேசாயிற்று, தங்கையின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

மருத்துவர் முதலில் நம்பவில்லை. சின்னவளின் முட்டியில் சுத்தியலால் தட்டினார், பெரியவளின் கால் எகிறி அவருடைய மேசை விளக்கைத் தட்டிவிட்டது. பிறகு அவர் சிரமப்படாமல் நம்பினார். பெரியவளை அறுத்தால் சின்னவளின் நல்ல மூட்டுத்தான் போகும், பெரியவளுக்கு வலி நிற்காது. எனவே சின்னவளைத்தான் அறுக்க வேண்டும். “கத்தி அந்தப் பக்கம் போகலன்னா?” என்று சின்னவள் கேட்டாள். போகாவிட்டால் நல்ல மூட்டு போயிற்று, அதோடு மாடி ஏறும் வேலையும் போயிற்று என்று அவர் மறைக்காமல் சொன்னார். பெரியவள் எழுந்து, “வேணாம், வா போலாம். நான் இப்படியே கெடக்கேன்” என்றாள்.

“உக்காருக்கா” என்றாள் சின்னவள். “நீ கூப்பிடாட்டியும் இதுக்கு நான் வருவேன்.”

“நான் கூப்பிட்டேன்டி.”

“கூப்பிடல.”

அதை அங்கே தீர்க்க முடியாது என்று மருத்துவர் படிவத்தை நீட்டினார். நோயாளி என்ற இடத்தில் அக்காவும் உடல் என்ற இடத்தில் தங்கையும் கையெழுத்துப் போட்டார்கள்.

திங்கட்கிழமை சின்னவளை மேசையில் படுக்க வைத்து மரத்துப்போக ஊசி போட்டபோது, வெளியே நடைக்கூடத்துப் பெஞ்சில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவளின் கால் மரத்தது. உள்ளே கத்தி வைத்தார்கள், ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. இரும்பு மூட்டைப் பொருத்தித் தைத்துவிட்டு மருத்துவர் தடவிப் பார்த்தார். இரும்பும் இல்லை, தையலும் இல்லை. அதற்குள் பெஞ்சிலிருந்து செவிலி கூப்பிடும் குரல் கேட்டது. பெரியவளுக்குப் பதினெட்டுத் தையல், வரிசை பிசகாமல். அவளைச் சக்கர நாற்காலியில் வார்டுக்குத் தள்ளிப் போனார்கள். சின்னவள் முகம் கழுவிவிட்டு மேசையிலிருந்து இறங்கி நடந்தாள். அக்காவின் காயம் ஆறும்வரை ஆறு வாரம் விடுப்பு கேட்டாள்; காரணம் என்ற இடத்தில் ‘எனக்கு அறுவை, அக்காவுக்கு ஓய்வு’ என்று எழுதினாள். மேலதிகாரி எழுத்துப்பிழை ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு ஒப்புதல் தந்தார்.

அதன் பிறகு பன்னிரண்டு வருஷம் சின்னவள் அக்காவின் இரும்பு மூட்டில் ஊரை ஏறி இறங்கினாள், இருவருக்கும் வலியில்லை. புகைப்படத் தகராறு இன்றுவரை ஓயவில்லை, ஆனால் இப்போது வாய்விட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். பெரியவள் ஓய்வு பெற்றாள், கணவர் இறந்தார், சின்னவளும் ஓய்வு பெற்று அக்காவோடு வந்து இருந்தாள். மாடி ஏறுவது நின்ற முதல் வாரத்திலேயே பெரியவளின் முட்டி இறுகிப்போயிற்று. தினமும் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாயங்காலம் ஐந்து மணி ஆனதும் பெரியவள் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டி, “கொஞ்சம் பூங்கா வரைக்கும் போயிட்டு வாடி, கால் மரத்துக் கெடக்கு” என்பாள். சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுவாள். வழியில் யாராவது எங்கே என்று கேட்டால், அக்கா வாக்கிங் போகிறாள் என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போடுவாள்.