ரோமுலஸ் தம்பி ரேமஸ்

சத்யபிரியாவுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தது சுவாதி நட்சத்திரத்தில். ஜோசியர் ரு, ரே, ரோ, தா என்று நாலு எழுத்தைக் கொடுத்து, இதில் எதில் வேண்டுமானாலும் பேர் ஆரம்பிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ரேவந்த், ரோகித் என்று ஊர்ப்பட்ட பேர் கிடக்கிறது. ஆனால் அவள் வீட்டுக்காரர் ஜெகதீஸ்வரனுக்கு அதெல்லாம் ஆகாது. போர்வெல் வண்டி வைத்திருப்பவர். வண்டி நெற்றியில் பிள்ளைகள் பேரை எழுதியாக வேண்டும், அது சங்ககிரி ரோட்டில் வேறெந்த லாரியிலும் இல்லாத பேராக இருக்க வேண்டும். செல்போனில் தேடி எடுத்துவிட்டார். மூத்தவன் ரோமுலஸ், இளையவன் ரேமஸ்.

"லத்தீன் பேரு புள்ள. ரோமாபுரியக் கட்டுன ரெட்டைப் பசங்களாம். ஆத்துல உட்டும் சாகாம, ஓநாய்ப் பால் குடிச்சு வளந்தவங்க."

அத்தனையும் நல்ல சேதிதான். அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. மனுஷன் எதைத்தான் கடைசிவரைக்கும் படித்தார்.

ஏழு வருஷம் ஒரு குறையும் இல்லை. வீட்டில் ரோமு, ரேமு. ஒரே தட்டில் சோறு, ஒரே பாயில் தூக்கம். இந்த ஆடியில்தான் வினை வந்தது. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். புதிதாக வந்திருந்த ஷாலினி மிஸ் பிள்ளைகள் பேரைப் பார்த்துவிட்டு, "முழுக்கதையும் தெரிஞ்சுதான் வெச்சீங்களாங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். சத்யபிரியா முழித்தாள். மிஸ் சட்டென்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கணக்கு மார்க்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அப்படிப் பேச்சை மாற்றியதில்தான் இவளுக்குச் சந்தேகம் தட்டியது.

வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டி மேல் உட்கார்ந்தபடியே தேடிப் படித்தாள். அண்ணனும் தம்பியும் வளர்ந்து ஆளாகி, ஊர் கட்ட ஆளுக்கொரு குன்றைப் பிடிக்கிறார்கள். அண்ணன் சுவர் எடுக்கிறான். இதெல்லாம் ஒரு சுவரா என்று தம்பி கேலி பண்ணித் தாண்டிக் குதிக்கிறான். அண்ணன் தம்பியைக் கொன்றுபோடுகிறான். ஊருக்குத் தன் பேரையே வைத்துக்கொள்கிறான்.

இரண்டு தரம் படித்தாள். அப்புறம்தான் வண்டியை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்தால், கொத்தனார் கண்ணுசாமி தோட்டத்து எல்லையில் சுவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கம் ஒட்டினாற்போலவே பக்கத்துக் காட்டுக்காரர்களின் பாழுங்கிணறு, கைப்பிடிச் சுவர்கூடக் கிடையாது. பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள், சுவர் எடுங்கள் என்று ஆறு மாசமாக வீட்டுக்காரரை நச்சரித்து வேலையை ஆரம்பிக்க வைத்ததே இவள்தான். எங்கே போய் முட்டிக்கொள்வது?

அன்றைக்கே ராய்ப்பூர்ப் பக்கம் வண்டியோடு இருந்தவருக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, பேரை மாத்திரலாமுங்க."

"ஏம்புள்ள, உனக்குக் கிறுக்கா? ஆதார்ல ஏறியாச்சு. ரெண்டு வண்டியிலயும் எழுதியாச்சு. அந்தப் பேரை வெச்ச பொறகுதான் ரெண்டாவது வண்டியே வந்துச்சு. எவனோ எங்கியோ அடிச்சுக்கிட்டதுக்கு நாம என்னத்துக்குப் பயப்படோணும்?" வைத்துவிட்டார்.

அவருக்கென்ன, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கிறார். இவளல்லவா வீட்டில் இருக்கிறாள். படுக்கிற பாயை ஆளுக்கொன்றாகப் பிரித்தாள். கிரிக்கெட் மட்டையை ஒளித்தாள். அரிவாள்மனை பரணுக்குப் போயிற்று. பிள்ளைகள் கட்டிப் புரண்டு விளையாடினால் பெரியவனைத்தான் அதட்டுவாள், அவனும் உடனே விலகிக்கொள்வான். அவன் தம்பியைப் பார்த்தால் இவள் அவனைப் பார்ப்பாள். பெற்ற பிள்ளையைக் கண்டு பயப்படுகிறோமே என்று அழுகைகூட வந்தது. ஆனால் பயம் போகவில்லை.

"நா என்னம்மா பண்ணுனேன்?" என்று ஒருநாள் ரோமு கேட்டான்.

"ஒண்ணுமில்ல சாமி, போய் எழுது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. பத்துமணி வெயில். அடுப்படியில் நின்றவளுக்கு, வெளியே சத்தமே இல்லையே என்று திக்கென்றது. கரண்டியைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள்.

சுவர் நெஞ்சு உயரம் வந்திருந்தது. ரேமு அதன் மேல் குப்புறக் கிடந்தான், தலையும் கையும் கிணற்றுப் பக்கம் தொங்க. பின்னால் அடுக்கி வைத்த கல் மேல் ரோமு நின்றுகொண்டு, தம்பி இடுப்பில் இரண்டு கையையும் வைத்து ஏதோ கத்திக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். பத்து நாளாக அவள் கண்ணை மூடினால் தெரிந்ததெல்லாம் இதுதான்.

"ரோமு, கையை எடுடா" என்று அலறினாள்.

சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை அவன். எடுத்துவிட்டான்.

சுவர் மேல் ரேமு இல்லை. கல் சரிகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் கல் மேல் ஏறிப் பார்ப்பதற்குள் கண்ணுசாமி அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து கிணற்றுக்குள் இறங்கிவிட்டார். நல்லவேளை, அடிவரைக்கும் போகவில்லை. பத்தடி கீழே படிக்கட்டில் முளைத்திருந்த புதர் தாங்கியிருந்தது. கால் மடங்கி, நெற்றி கிழிந்து, ரத்தத்தோடு தூக்கி வந்தார். "அம்மா" என்று பிள்ளை முனகிய பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

திருச்செங்கோடு ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும் வழியில் கண்ணுசாமி மெதுவாகச் சொன்னார். "சின்னவன் கெணத்துல புறாவப் பாக்கறேன்னு எம்பிச் சாஞ்சுட்டானுங்க அம்மிணி. பெரியவன் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு என்னையத்தான் கூப்புட்டுட்டிருந்தான். நா ஓடியாரதுக்குள்ள நீங்க..." பின் சீட்டில் ரோமு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் மாவுக்கட்டு போட்டு, நெற்றியில் ஆறு தையல் போட்டு, உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராய்ப்பூரிலிருந்து போன் வந்தது. ஜெகதீஸ்வரன் குரலே அவர் குரலாக இல்லை.

"பெரியவன் தள்ளிட்டானா சத்யா? நீ சொன்னப்பக் கேக்காம உட்டுட்டனே."

"இல்லீங்க. அவன் புடிச்சிருந்தானுங்க. நாந்தான் உடச் சொன்னேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். ரேமு கட்டிலில் சாய்ந்து, வாசற்படியில் நிற்கும் அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "டேய் ரோமு, இங்க வாடா. இந்த மாவுக்கட்டத் தொட்டுப் பாரு, எப்படி இருக்குதுன்னு."

ரோமு அசையவில்லை.

"வா சாமி. தம்பி கூப்புடறான்ல. வந்து தொட்டுப் பாரு" என்றாள் அவள்.

அவன் இரண்டு கையையும் அக்குளுக்குள் இறுக்கிச் செருகிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"வேண்டாம்மா. நா தொட்டா அவன் செத்துருவான்."

அவள் எழுந்து கிட்டே போனாள். அவன் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தான்.