பிடுங்கிய பின்னும் நோகும் பல்

டண்டினொங் புறநகரில் ஒரு சிரிப்பின் விலை ஆறாயிரத்து நானூறு டொலர். தவணைக்கும் தருவார்கள். சிவாஜினி வேலைசெய்யும் பல் கிளினிக்கின் கண்ணாடியில் அப்படித்தான் ஒட்டியிருந்தது. பல் மருத்துவம் முடித்த ஐந்து மாதத்தில் அவளே முன்பற்களை அழகாக்கி மூன்று சிரிப்புகள் விற்றிருந்தாள்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் அவள் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் போட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பல் பிரிவில் ரெசிடென்சி என்ற ஒரு வருடப் பயிற்சி வேலை கிடைத்திருந்தது. இதயம், சிறுநீரகம், புற்றுநோய் என்று எல்லா வருத்தங்களோடும் வருகிற வாய்களை அனுபவசாலிகளின் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகலாம். சம்பளம் இங்கே கிடைப்பதில் பாதி. தெருமுனையில் புடைவைக்கடை வைத்திருக்கும் அப்பா சிறிதரன் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஓடுற கடையைப் பூட்டிப்போட்டு ஆரும் தையல் வகுப்புக்குப் போவினமோ, மகள்?"

அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. கிளினிக் கதிரையில் படுத்திருப்பவர்கள் பார்ப்பதற்கென்று கூரையில் ஒரு திரை. அதில் நாள் முழுக்க மீன்கள் நீந்தும். அந்த நீல வெளிச்சத்தில் அறையே மெல்ல நீருக்குள் இறங்கும். வாய்கள் சிப்பிகளைப்போலத் திறந்து, மூடி, போய்விடும். அப்படியே மிதந்து ஒரு வாழ்நாளைக் கடத்திவிடலாம்.

மூன்றரைக்கு இரஞ்சிதம் அன்ரி வந்து கதிரையில் சாய்ந்தார். அப்பாவின் கடையில் முந்நூறு டொலர்ச் சேலையை நூற்றெண்பதுக்கு இறக்கி, மேலே சட்டைத்துணியும் வாங்கிக்கொண்டு போகிறவர். இடது தாடை நோகிறதென்று இரண்டு கிழமைக்கு முன் வந்தபோது சிவாஜினி ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியிருந்தாள். அதில் சின்னச் சொத்தை இருந்தது. வேறென்னத்தைத் தேடுவது?

"பிள்ளை, பல்லை நீர் எடுத்துப்போட்டீர். நோவை என்னட்டையே விட்டிட்டீர். இது என்ன வியாபாரம்?"

சிவாஜினி சிரித்தபடி விளக்கைத் திருப்பினாள். காயம் ஆறியிருந்தது. அடுத்த பல்லைத் தட்டப் போன கை நடுவழியில் நின்றது. மேலே ஒரு மஞ்சள் மீனும் நின்றது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டாள்.

"எப்ப நோகும், அன்ரி?"

"ஸ்டேசன் படி ஏறேக்கை. மேல போய் அந்த நீள வாங்கில இருந்து களை ஆறினா போயிடும்."

சாப்பிடும்போது நோவில்லை. குளிர்தண்ணீருக்கும் இல்லை. பல்லுக்கு ஏது படிக்கட்டு? இதயத்தின் நோவு சிலவேளை தாடையில் வந்து கதவு தட்டும் என்று பாடத்தில் ஒரு பத்தி இருந்தது. பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தாள்.

அம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை அன்ரியின் கையை அவள் விடவில்லை.

"அந்தப் பல்லைப் பிடுங்கியிருக்கத் தேவையில்லை, அன்ரி. அடைச்சிருந்தாலே போதும்."

"அப்ப காசு திரும்பி வருமோ?"

"ஓம்."

"பல்லு?"

மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. நாலு ஐம்பதுக்கு, ரெசிடென்சிக்கு வருகிறேன் என்று பதில் எழுதினாள்.

இதயக்குழாயின் அடைப்பை நீக்கிவிட்டார்கள் என்று மறுநாள் செய்தி வந்தது. சிவாஜினி அன்ரியின் பெயரிலிருந்த பதிவைத் திறந்து திருத்தினாள். வந்தபோது பல் இருபத்தொன்பது. இப்போது இருபத்தெட்டு. கட்டணம் முழுதும் திருப்பிக் கொடுத்தாயிற்று. நிலுவை, பல் ஒன்று.