தொட்டிக்குள் மாட்டிய அப்பா

சுல்மீரா கல்யாணப் பேச்சை எடுத்தாலே அவள் அப்பா பெலார்மினோவுக்கு மலைமேல் ஏதாவது வேலை வந்துவிடும். டூரோ ஆற்றங்கரையிலிருந்து வானத்தைத் தொடுகிற மாதிரி படிப்படியாக ஏறும் கல்வரப்புகள். எல்லாம் அவர்கள் குடும்பத்துத் திராட்சை. அந்தச் செங்குத்தில் மனிதர் இந்த வயதிலும் ஆடு மாதிரி ஏறுவார். சுல்மீராவுக்குப் பாதியிலேயே மூச்சு வாங்கும். அவர் உச்சியில் நின்றுகொண்டு, "என்னம்மா, ஏதோ சொன்னியே?" என்பார்.

அவள் சொல்ல வந்தது ஒன்றுதான். எதிர்க்கரை அதெரிதோவைக் கட்டிக்கொள்ள அப்பா சம்மதிக்க வேண்டும்.

"எதிர்க்கரையா? அங்க வெயிலே படாது. அவங்க ஒயினைக் குடிச்சா சளிதான் பிடிக்கும்" என்று ஒரே ஒரு தடவை பதில் சொன்னார். அதற்குப் பிறகு மலைதான்.

அறுவடையின் கடைசி நாள் சாயங்காலம், கொள்ளுத்தாத்தா காலத்துக் கருங்கல் தொட்டியில் திராட்சை நிரம்பியிருந்தது. ஒயினுக்காக அதைக் காலால் மிதிப்பதற்கு அந்த வீட்டில் கறாரான சட்டம் உண்டு. கைகோத்து வரிசையாக நிற்க வேண்டும். தாளக்காரர் குரலுக்கு இடது, வலது என்று மிதிக்க வேண்டும். அவர் "விடுதலை" என்று சொல்லும்வரை யாரும் பேசக் கூடாது, விலகக் கூடாது. பிறகுதான் பாட்டும் ஆட்டமும். முதல் நாள்தான், போன் பேச வெளியே ஏறிய ஒருவனைப் பெலார்மினோ உண்டு இல்லை என்று ஆக்கியிருந்தார்.

அன்று தாளக்காரர் பிர்மினோவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"நான் சொல்றேன்பா" என்றாள் சுல்மீரா.

"உன் குரல் கேக்குமா?"

"கேக்க வைக்கிறேன்."

அப்பா கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். மூலையில் அதெரிதோ அக்கார்டியனோடு காத்திருந்தான். அந்தப் பக்கத்தில் அக்கார்டியன் வாசிக்க வேறு ஆளில்லை. அதனால்தான் அவனை உள்ளே விட்டிருந்தார்கள்.

"இடது... வலது..." தொடைவரை சாறு ஏறியது. வரிசை ஒரே சீராக நகர்ந்தது. சுல்மீரா அப்பாவைப் பார்த்தாள். ஒரு பக்கம் பிர்மினோ, மறுபக்கம் கூடை சுமக்கும் இதலினா. ஓட வழியில்லை.

"இடது... அதெரிதோவோட அம்மா... வலது... ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு... இடது... வரலாமான்னு கேக்குறாங்க... வலது..."

பெலார்மினோ வாயைத் திறந்தார்.

"உஷ், முதலாளி. பேசக் கூடாது" என்றாள் இதலினா.

அவர் முகம் திராட்சை நிறத்துக்கு வந்தது. வேகமாகத் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று.

"இடது... அவன் குடிகாரன் இல்ல... வலது... குடிச்சாலும் நம்ம ஒயினைத்தான் குடிக்கிறான்..."

வரிசை முழுக்கச் சிரிப்பில் குலுங்கியது. பெலார்மினோ மட்டும் முட்டியை இன்னும் உயரத் தூக்கி வீம்பாக மிதித்தார்.

சாறு நுரைத்துப் பதமாகிவிட்டது. விடுதலை சொல்ல வேண்டிய நேரம். இன்னும் கொஞ்சம் இழுத்தால் அப்பாவின் மனசு இறங்கலாம். ஆனால் விடிந்ததிலிருந்து மலையேறி இறங்கிய இதலினாவின் கால்கள் தடுமாறுவதை அவள் பார்த்தாள். தன் கல்யாணத்துக்கு அந்தக் கால்களா விலை?

"விடுதலை" என்றாள். தோற்றுப்போன குரல்.

அப்பா கிளம்பிவிடுவார் என்று நினைத்தாள். அவர் தொட்டிக்குள்ளேயே நின்றார்.

"இப்போ நான் பேசலாமா?"

"பேசுங்கப்பா."

"ஒரு கால்கூடப் பிசகாம மிதிக்க வச்சியே, பிர்மினோவுக்கே இது வராது. நீ எதிர்க்கரைக்குப் போயிட்டா இங்க யாரும்மா இருக்கா?"

சுல்மீராவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது.

"நான் எங்கப்பா போறேன்? அவன்தான் இங்க வர்றான். அவங்க வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்க மூணு அண்ணனுங்க இருக்காங்க."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க எங்க நின்னு கேட்டீங்க?"

இதலினா சிரித்த சிரிப்பில் சாறு தெறித்தது. பெலார்மினோ மூலையைப் பார்த்தார். "என்ன தம்பி, வாசிப்பியா, இல்ல வாயைப் பொளந்துக்கிட்டே நிப்பியா?"

"இதோ வாசிக்கிறேன் மாமா."

"மாமாவா? அதெல்லாம் ஞாயித்துக்கிழமை உங்கம்மா வந்தப்புறம். சாப்பாட்டுக்கே வரச் சொல்லு. ஆனா ஒண்ணு, உங்க கரை ஒயினை மட்டும் தூக்கிட்டு வர வேண்டாம்."