வூட்டுக்கு ஒரு அப்டேட்

எங்க ஊரு ரோட்டப் பத்தி நான் எழுதற பிளாக், ரோட்ட விசாரிக்க கவர்மெண்ட் அதிகாரி வர்ற அன்னிக்குன்னு பாத்து செத்துக் கெடந்துச்சு. தொறந்தா வெள்ளத் திரை. நடுவுல ஒரே வரி: ‘இந்தத் தளத்தில் கடுமையான பிழை ஏற்பட்டுள்ளது.’ இன்னா பிழை, யாரு பண்ண பிழைன்னு ஒரு வார்த்தை கெடையாது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு போனத் தூக்கிப் பள்ளத்துல வீசியிருப்பேன்.

ஆத்திரம் வராம இன்னா செய்யும்? ஜவ்வாது மலை மேல இருக்கற எங்க ஊருக்கு முந்தா வருசம்தான் தார் ரோடு வந்துச்சு. போட்ட வாரமே ஒரு மழைக்கு ஓரமெல்லாம் புட்டு மாதிரி உதுந்துபோச்சு. நான் படம் புடிச்சி பிளாக்ல போட்டேன். போன்ல எடம் இல்லன்னு அப்புறம் படத்தயெல்லாம் அழிச்சிட்டேன். இப்ப ரோடு போட்ட கம்பெனிக்காரன் இன்னா சொல்றான்னா, ரோடு நல்லாத்தான் இருந்துச்சாம், நாங்கதான் டிராக்டர் ஓட்டிக் கெடுத்துட்டமாம். எங்க ஊர்ல டிராக்டரே இல்ல. போட்ட ஒடனே ஒடஞ்சதுன்னு நாங்க காட்டினா அவன் சொந்தச் செலவுல திரும்பப் போடணும், காட்டலன்னா அதிகாரி ஃபைல மூடிட்டுப் போய்டுவாரு.

ஜெயம்மா அக்கா பொண்ணு அன்பரசிக்கு அடுத்த மாசம் பிரசவம். போன வருசம் அவளுக்கு வலி எடுத்தப்ப ஆம்புலன்ஸ் பாதி ரோட்டுலயே நின்னுட்டுது. கட்டில்ல வெச்சி தூக்கிக்கினு எறங்கினோம். கொழந்த வழியிலயே போய்டுச்சு.

பிளாக்க சாகடிச்சது வேற யாரும் இல்ல, எங்க மகளிர் சங்கம்தான். அது சங்கத்துப் பொதுச் சொத்து, பாஸ்வேர்டு எல்லார் போன்லயும் இருக்கு. ‘புதிய பதிப்பு வந்துள்ளது, புதுப்பிக்கவும்’னு முந்தின நாளு நோட்டீஸ் வந்துருக்கு. எங்க ஊர்ல பொது வேலைன்னா, பாதை செதுக்கறதோ ஓடை தூர் வார்றதோ, வூட்டுக்கு ஒரு ஆளு வந்தே ஆவணும். வராத வூட்ட ஊரே பேசும். அதே கணக்குல வூட்டுக்கு ஒருத்தி தண்ணி டேங்கு மேட்டுக்கு ஏறி வந்து பட்டன அமுக்கிட்டுப் போயிருக்கா. அங்கதான் சிக்னல் எடுக்கும். ஒருத்தி மெயின் சாஃப்ட்வேர, இன்னொருத்தி தளத்தோட தோற்றத்துக்குப் போட்ட தீம, இன்னொருத்தி கூடுதல் வேலைக்கு ஒட்டவெச்ச பிளகின, ஒன்னு முடியறதுக்குள்ள அடுத்தது.

“ஒரு வூடு பாக்கியில்ல, சசி,” சங்கத் தலைவி சிவசங்கரி பெருமையா சொன்னா.

“எனக்கு வாயில நல்லா வருது, பேசாம போய்டு,” ன்னேன்.

வாணியம்பாடியில கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கற ஆதில்தான் எங்களுக்குத் தளத்த அமைச்சிக் குடுத்தவரு. அவருக்குப் போன் போட்டேன். “பதறாதீங்க அக்கா. மொதல்ல அவங்கள எல்லாம் போன கீழ வெக்கச் சொல்லுங்க,” ன்னாரு. அங்கருந்தே பிளகின் எல்லாத்தயும் நிறுத்தினாரு. தளம் வந்துச்சு. ஒன்னொன்னா திரும்பப் போட்டாரு. இப்ப? வந்திருக்கு. இப்ப? வந்திருக்கு. இப்ப? வெள்ள. படத்தயெல்லாம் சின்னச் சின்னக் கட்டமா அடுக்கிக் காட்டற பிளகின்தான் புதுப் பதிப்போட ஒத்துப்போவல. “அத தூக்கிடறேங்க. இனிமே படம் கட்டமா வராது, முழுசா பெருசா வரும்,” ன்னாரு. எப்டியாவது வந்தா சரின்னேன்.

அதுக்குள்ள அதிகாரி வந்துட்டாரு. கூடவே கம்பெனி இன்ஜினியரு தேவராஜ், மடிப்புக் கலையாத சட்டையில. டேங்கு மேட்டுலயே நாற்காலி போட்டு பிளாக்கத் தொறந்து காட்டினேன். பதிவுக்கு மேல தேதியப் பாத்ததும் எனக்குத் திக்குன்னுச்சு. எல்லாப் பதிவுலயும் இன்னிக்குத் தேதி.

“இன்னிக்கித்தான் சார் ஏத்தியிருக்காங்க,” தேவராஜ் சிரிச்சாரு.

“படத்தப் பெருசாக்க இன்னிக்கு எல்லாப் பதிவயும் திருத்தினோம், தீம் மாறினதால அந்தத் தேதியக் காட்டுது. மாத்திடலாங்க,” இன்னும் லைன்ல இருந்த ஆதில் சொன்னத நான் அப்டியே ஒப்பிச்சேன்.

“மாத்த முடியும்னா அத எப்டிம்மா ஆதாரமா எடுத்துக்கறது?” ன்னு பேனாவ மூடினாரு அதிகாரி.

ரெண்டு வருசம் எழுதியிருக்கேன். ராத்திரி பகல்னு பாக்காம இந்த மேட்டுல நின்னு ஒவ்வொரு படமா ஏத்தியிருக்கேன். ஒரு வார்த்தையில தூக்கிக் கடாசிட்டாரு.

பக்கத்துல நின்ன ஜெயம்மா அக்காவுக்குப் படிக்கத் தெரியும், ஆனா தேதிய அவங்க பாக்கவே இல்ல. என் கையிலருந்து போன வாங்கி, படத்தத் தள்ளித் தள்ளிப் பாத்துக்கினு இருந்தாங்க. ஒரு படத்துல கட்டைவிரலு நின்னுச்சு.

“சசி, இது யாருடி?”

இத்தினி நாளு அந்தப் படம் கட்டத்துக்குள்ள வெட்டுப்பட்டு, ஒடஞ்ச ரோட்டோரம் மட்டுந்தான் தெரிஞ்சிருக்கு. இப்ப முழுசா வந்ததுல ரோட்டுக்கு அந்தப் பக்கமும் தெரிஞ்சிது. கம்பெனி பேரு எழுதின ரோடு ரோலரு அங்க நிக்குது. அது பக்கத்துல கொடையப் புடிச்சிக்கினு, உதுந்து கெடக்கற தாரக் குனிஞ்சி பாத்துக்கினு நிக்கறது சாட்சாத் தேவராஜ்.

அதிகாரி போன வாங்கிப் பாத்தாரு, தேவராஜப் பாத்தாரு. “ரோலரு மலைய விட்டு எறங்கறதுக்கு முன்னாடியே ரோடு ஒடஞ்சிடுச்சா?” ன்னாரு. அதிகாரி பேனாவத் தொறந்து, கம்பெனியே திரும்பப் போடணும்னு நாங்க பாக்கவே எழுதினாரு.

எறங்கிப் போறப்ப தேவராஜ் என்கிட்ட ஒதுங்கி வந்தாரு. “ஒரு வாரத்துல வேலைய ஆரம்பிச்சிடறேம்மா. அந்த ஒரு படத்த மட்டும் எடுத்துடுங்க.” நேத்து வரைக்கும் என்ன ‘இன்னாம்மா நீ’ன்னு பேசின ஆளு.

“எடுக்க மாட்டேங்க,” ன்னேன். “அன்பரசியக் கூட்டிக்கினு போவ ஆம்புலன்ஸ் அவ வூட்டு வாசலுக்கு வரட்டும். அதயும் படம் புடிச்சி அதுக்குக் கீழயே போட்றேன்.”