சிவப்பு விரல்கள்

முரல் மீனின் வாயைத் தூண்டிலோடு சேர்த்துத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள் ருஃபினா. அடுப்படி மேசையில் உப்புப் பூசிய முரல்கள் கிடந்தன. நாளை விடிந்ததும் மாசாத்லான் துறையிலிருந்து கேப்டன் எவரிஸ்தோவின் படகு டென்வர்காரப் பயணி ஒருவரை ஏற்றிக்கொண்டு மார்லின் மீன் பிடிக்கப் போகிறது. இரை தயார், ஐஸ் தயார், இறால் வைத்துச் சுருட்டிய சோளரொட்டியும் தயார். மீன் படகின் பக்கத்தில் வந்தால் தூண்டில் நரம்பைக் கையால் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

பிடிக்க வேண்டியவன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தான். போன மாதம் அவள் புருஷன் லிப்ராதோ நரம்பைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தபோது மார்லின் திமிறியது. சுற்று இறுகி இரண்டு விரல்களைக் கொண்டு போய்விட்டது. "ஆறட்டும், இடம் உனக்குத்தான்" என்று அன்றைக்குச் சொன்ன எவரிஸ்தோ, இப்போது தன் மச்சினனைப் போடப் பார்க்கிறான். மச்சினன் ஒரு தடவை ஏறினால் இறங்கமாட்டான் என்பது துறைக்கே தெரியும். நல்ல வேளையாகக் கார்னிவல் திருவிழா வந்தது. அந்தப் புண்ணியவான் குடித்துவிட்டு எந்தத் தெருவில் கிடக்கிறானோ!

"நான் போறேன்" என்றாள் ருஃபினா.

"பைத்தியமா உனக்கு? அது என்ன வெங்காயம் நறுக்கற வேலையா?"

"ஏன்யா, இத்தனை வருஷமா இந்த இரையெல்லாம் குவாதலூப்பே மாதாவா இறங்கி வந்து தச்சா? எப்படிச் சுத்தணும்னு மட்டும் சொல்லிக் குடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

லிப்ராதோ நல்ல கையால் ஒரு கயிற்றை எடுத்தான்.

"ரெண்டு சுத்து. மீன் இழுத்துச்சுன்னா கையைத் திற, தானா உருவிக்கும். விட மனசு வராது. அங்கதான் நான் கெட்டேன்."

அவனுடைய கையுறையில் இரண்டு விரல்கள் பிய்ந்து போயிருந்தன. கார்னிவல் பாவாடைக்கு வாங்கி மிஞ்சிய சிவப்புத் துணியைத் தடிமனாக மடித்து, அவள் புது விரல்கள் வைத்துத் தைத்தாள்.

விடிகாலையில் எவரிஸ்தோ அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னம்மா, சாப்பாட்டுக் கூடை குடுக்க வந்தியா?"

"வேலைக்கு வந்தேன்."

"பொம்பளையவா ஏத்தறது? துறையே கைகொட்டிச் சிரிக்கும்."

"வேற ஆள் இருந்தா ஏத்திக்கங்க கேப்டன். நான் வீட்டுக்குப் போறேன்."

அவன் சுற்றிலும் பார்த்தான். ஒரு ஈ காக்கை இல்லை. டென்வர்காரர் அதற்குள் காரிலிருந்து இறங்கிவிட்டார்.

"சரி, ஏறித் தொலை. அந்தாளு சந்தோஷமா இறங்கினா, லிப்ராதோ கை ஆறற வரைக்கும் இடம் உனக்கு. கெடுத்தியோ, அவ்வளவுதான்."

மதியம் மார்லின் இரையைக் கவ்வியது. டென்வர்காரர் வியர்த்து வழிந்து, திட்டித் திட்டி இழுத்தார். நரம்பு எட்டியதும் ருஃபினா குனிந்து பிடித்தாள். மீன் உதறிய உதறலில் தோள்பட்டையே கழன்றுவிடும் போலிருந்தது. கையைத் திறந்தாள். நரம்பு உருவிக்கொண்டு ஓடியது.

"விட்டுட்டியே பாவி!" என்று மேல்தட்டிலிருந்து கத்தினான் எவரிஸ்தோ.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மீன் மறுபடி வந்தபோது பிடித்தாள், படகோடு சேர்த்து இழுத்து அதன் ஈட்டி மூக்கைப் பற்றிக்கொண்டாள். டென்வர்காரர் பக்கத்தில் குனிந்து பல்லெல்லாம் காட்ட, எவரிஸ்தோ இறங்கி வந்து படம் எடுத்தான். பிறகு அவள் வழக்கப்படி தூண்டிலைக் கழற்றி மீனைக் கடலிலேயே விட்டாள்.

துறையில் இறங்கியதும் டென்வர்காரர் கேப்டனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அடுத்த வருடமும் இதே படகுதான் என்றார். அன்று வீட்டில் லிப்ராதோ அழுதுவிட்டான். "இடம் தங்கிடுச்சு, அப்புறம் எதுக்குய்யா ஒப்பாரி?" என்று கேலி செய்தாள் அவள்.

அடுத்த பயணத்துக்கு அவள் இரைப்பெட்டியோடு போனபோது படகில் மச்சினன் நின்றிருந்தான்.

"அவன் வந்துட்டான்ல" என்றான் எவரிஸ்தோ. "இரையை வச்சுட்டுப் போம்மா. உன் கைப்பக்குவம் யாருக்கும் வராது."

"அன்னிக்குச் சொன்ன சொல்லு?"

"அட, கார்னிவல்ல சொன்னதெல்லாம் ஒரு பேச்சா?"

படகுப் பயணத்துக்குச் சீட்டு விற்கும் அவனுடைய கடை வாசலில், அன்று எடுத்த படத்தோடு புதுப் பலகை இருந்தது. டென்வர்காரர், மீன், அதன் மூக்கைப் பிடித்த கையுறை. ருஃபினா தெரியாதபடி மணிக்கட்டோடு படத்தை வெட்டியிருந்தான். புதிதாக வந்திருந்த இரண்டு பயணிகளில் ஒருவர் அது யார் கை என்று கேட்டார்.

"நம்ம மச்சினன் கைதான். அவனை மாதிரி ஆளு இந்தக் கரையிலேயே கிடையாது."

ருஃபினா இரைப்பெட்டியைக் கொடுக்கவில்லை. படகுக் கயிறு கட்டியிருந்த இரும்புக் கட்டையருகே அதை வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மச்சினன் கயிற்றை அவிழ்க்க வந்தான். "எந்திரி, நேரமாச்சு."

"எனக்கும்தான் ஆச்சு" என்று முடிச்சின் மேல் கையை வைத்தாள்.

கேள்வி கேட்ட பயணி பலகையைப் பார்த்தார். பிறகு முடிச்சைப் பார்த்தார். அதன் மேல் இரண்டு சிவப்பு விரல்கள் அழுந்தியிருந்தன.