விற்றவரிடம் ஒரு வார்த்தை

வீடு எங்கள் பெயருக்கு வந்ததும் என் கணவர் செய்த முதல் காரியம், தோட்டத்தில் களை பிடுங்கலாமா என்று வீட்டை விற்றவருக்குப் போன் போட்டுக் கேட்டதுதான்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளியவர்கள் நாங்கள். ஆணி அடிக்கக் கூடாது, மாடியில் துணி காயப்போடக் கூடாது, விருந்தாளி வந்தால் சட்டுபுட்டென்று கிளம்பிவிட வேண்டும். ஒரு வீட்டில் மிக்ஸி ஓடினால் போதும், கீழ்வீட்டிலிருந்து ஓனர் விளக்குமாற்றுக் கட்டையால் மேலே பார்த்து இடிப்பார். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எத்தனை மாடி உயரத்திலும் பயமில்லாமல் தொங்குவார், ஓனர் என்றால் மட்டும் குரல் இறங்கிவிடும். சொந்த வீட்டுக்கு வந்த பிறகும் காலண்டரை ஜன்னல் கம்பியில்தான் கயிறு போட்டுக் கட்டினார்.

தோட்டம் என்று தரகர் சொன்ன இடத்தில் ஆள் உயரத்துக்குப் புல் நின்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் போன கணவர், ஒரு ஓட்டை வாளியும் பழைய கக்கூஸ் பீங்கானும் இருப்பதாக வந்து சொன்னார். பின்சுவரை ஒட்டி ஒரு காகிதப்பூக் கொடி. கொடி என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அதன் அடி என் தொடைப் பருமன் இருந்தது. சமையலறை ஜன்னலை முழுசாக மூடி, பின்கதவின் மேலும் சாய்ந்திருந்தது. கதவைத் தள்ளினால் கை நுழைகிற அளவுக்குத் திறக்கும், முள் எட்டிப் பார்க்கும். பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுத்தான் வெங்காயம் நறுக்கினேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஜன்னல் மட்டும்தான். என் சமையலறையில் வெயில் விழ வேண்டும், அதுவும் யாரையும் கேட்காமல் விழ வேண்டும்.

"சும்மா ஒரு மரியாதைக்குத்தான், ஒரு வார்த்தை கேட்டுடலாமேன்னு," என்றார் கணவர், போனைக் காதில் வைத்துக்கொண்டே.

அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்துவிட்டு, உங்கள் வீடு, என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. "எதையும் தொடாதீங்க. ஞாயித்துக்கிழமை நானே வரேன்," என்றார்.

வந்தார். ஓய்வுபெற்ற பாய்லர் இன்ஸ்பெக்டர். தலையில் தொப்பி, கையில் ஏதோ பழைய சட்டையைக் கிழித்த சிவப்புத் துணிகள். "வெட்டக்கூடாததுல இதைக் கட்டிடறேன். மிச்சத்தை நீங்க தாராளமா எடுத்துக்கலாம்," என்று பெரிய மனசோடு சொன்னார். அவர் வாழ்க்கையில் இனி பாய்லர் கிடையாது. எங்கள் தோட்டம்தான் இருந்தது.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார். பக்கவாட்டு கேட்டைத் தானே திறந்துகொண்டு வருவார். கணவர் நாற்காலி போடுவார், நான் டீ போடுவேன். நாங்கள் இருவரும் முதுகு ஒடியப் புல்லைப் பிடுங்குவோம், அவர் உட்கார்ந்தபடி "மெதுவா, மெதுவா" என்பார். கணவரின் உள்ளங்கை கொப்பளித்துப் போனது. போகப்போக தோட்டத்தில் இலையைவிடச் சிவப்புத் துணிதான் அதிகம் தெரிந்தது. காகிதப்பூவில் மட்டும் வாரத்துக்கு ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போயிற்று.

"இவருக்கு நம்ம வீட்ல என்னங்க வேலை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வயசானவரு. மனசு கஷ்டப்படும்."

"எனக்கு மனசு இல்லையா?"

"இருக்கு. ஆனா அவருக்கு வயசும் இருக்கே," என்றார் கணவர்.

நான் ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில் உட்காருகிறவள். வலியோடு வருகிறவர்களைக் காத்திருக்கச் சொல்வது என் தொழில். அதனால் எனக்குப் பொறுமை உண்டு. அது போனது சமையலறை டியூப்லைட் எரிந்து போன அன்றைக்குத்தான். புதுசு வாங்கக் கிளம்பிய கணவர் வாசலில் நின்று, "எந்த கம்பெனி லைட் போட்டிருந்தாருன்னு ஒரு வார்த்தை கேட்டுடறேன்," என்று போனை எடுத்தார். நான் மறுநாள் வேலை முடிந்து வரும்போது மரக்கிளை அறுக்கும் ரம்பம் ஒன்று வாங்கிவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் நாற்காலியில் உட்காரும்வரை காத்திருந்தேன். "சார், இந்தக் கொடியை இன்னிக்கு எடுக்கப் போறேன்."

"அது பூக்குற சமயம்மா. வேணாம்."

"பூக்கட்டும் சார். எனக்கு வெளிச்சம் வேணும்."

அவர் ரம்பத்தைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் சம்பந்தமே இல்லாமல், "இப்ப இருக்கிற வீட்ல பால்கனியில ஒரே ஒரு தொட்டி வெச்சேன். தண்ணி சொட்டுதுன்னு ஓனர் எடுக்கச் சொல்லிட்டாரு," என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தோட்டத்தைப் பார்க்க உடம்பில் தெம்பில்லை என்று வீட்டை விற்றவர், இப்போது மகள் வீட்டருகே வாடகைக்கு இருக்கிறார். பிறந்ததிலிருந்து சொந்த வீட்டிலேயே இருந்த மனிதருக்கு வாடகை வீடு புதுசு.

"நீங்க முதல்லயே கேட்டீங்களா சார்?" என்றார் கணவர். இத்தனை வாரத்தில் அவர் குரல் ஏறி அன்றுதான் கேட்டேன்.

"ஆமா. கேட்டுட்டுத்தான் வெச்சேன்."

"அதான் தப்பு. கேட்கவே கூடாது. வெச்சுடணும். அவரா வந்து கேட்டா, ஊருக்குப் போயிருக்கிற சொந்தக்காரங்க குடுத்தது, வந்ததும் எடுத்துடுவாங்கன்னு சொல்லணும். அடியில ஒரு தட்டு வைங்க. ஓனர் மாடிப்படி ஏறுற நேரம் தெரியுமில்ல, அதுக்கு முன்னாடி தண்ணி ஊத்திடுங்க."

இந்த விஷயத்தில் என் கணவர் டாக்டர் பட்டம் வாங்கத் தகுதியுள்ளவர். பாய்லர் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் நான் ஏணியில் ஏறி அறுக்க ஆரம்பித்தேன்.

கொடி லேசில் விடவில்லை. முள் கையைக் கிழித்தது, தலைமுடியைப் பிடித்து இழுத்தது. சிவப்புத் துணிகளோடு கிளைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. இன்ஸ்பெக்டர் நாற்காலியை மதில் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கடைசியில் ஜன்னல் வெளியே வந்தது. அதன் கண்ணாடி பச்சை நிறம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நான் இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டதும் அவர் எழுந்து வந்தார். "அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

வீட்டு விஷயமாக என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை.

"அந்த மூலையில நாலு தொட்டி வெச்சுக்கட்டுமா? ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து தண்ணி ஊத்திட்டுப் போயிடறேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

கடைசியில் சொன்னது எனக்கு மனப்பாடம். குடியிருந்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நான் சொன்னதுதான். கணவர் அதற்குள் தலையாட்டத் தொடங்கியிருந்தார்.

"வேணாம் சார்," என்றேன்.

காரணம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். எத்தனையோ ஓனர்களிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன், ஒருவரும் எனக்குக் காரணம் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

"சரிம்மா," என்று தொப்பியைப் போட்டுக்கொண்டார். கேட்டைச் சத்தமே வராமல் சாத்திவிட்டுப் போனார். வாடகைக்கு இருப்பவர்கள் அப்படித்தான் சாத்துவார்கள். எப்போது கற்றுக்கொண்டாரோ தெரியவில்லை.

சமையலறைக்கு வந்தேன். வெயில் அடுப்பு மேடைவரை வந்திருந்தது. அவரை நினைத்தால் பாவமாக இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது, அது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். கணவர் முழுசாகத் திறந்த பின்கதவுக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், உள்ளே வரவில்லை.

பிறகு, குரலை நன்றாக இறக்கி, "அந்த மூலையில நான் கொஞ்சம் கீரை போட்டுக்கட்டுமா?" என்று என்னைக் கேட்டார்.