இருபத்திரண்டு ஊரும் ஒரு மலையும்

ரேணுகாம்பாள் டீச்சருக்கு ஒரு வாரமாகச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை. ஆனால் முகத்தில் மட்டும் கல்யாணக் களை. 1989 செப்டம்பர் அது. வேலூரோடு ஒட்டிக்கிடந்த சீமையைப் பிரித்து, திருவண்ணாமலையைத் தலைநகராக வைத்துப் புது மாவட்டம் பிறக்கப்போகிறது. சாதாரணச் சமாசாரமா? கலெக்டரிடம் ஒரு மனு கொடுக்கக் கட்டுச்சோற்றோடு விடியற்காலை வேலூர் பஸ் ஏறிய ஜனம், இனி வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகக் கிளம்பலாம். டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவருக்கொருவர் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் டீச்சர் வேலை பார்த்த பள்ளியிலும் ஒரு கண்காட்சி ஏற்பாடானது. 'நம் வட்டாரம்: நிலமும் வரலாறும் மக்களும்' என்று பெயர். சுற்றுவட்டாரத்து ஊர்கள் இருபத்திரண்டையும் சேர்த்து ஒரு பெரிய படம் சுவரில் தொங்க வேண்டும். நான் செய்கிறேன் என்று முந்திக்கொண்டவள் ரேணுகாம்பாள்தான். அதற்குக் காரணம் உண்டு. அவள் பிறந்தது கீழ்பென்னாத்தூர். பழைய மாவட்டப் படத்தில் அந்த ஊர் ஓரத்துக்கும் ஓரத்தில், அடிக்கழியில் துணி சுற்றிக்கொள்ளும் இடத்தில் போய் மறைந்திருந்தது. மூன்றாம் வகுப்பில் எங்கள் ஊர் எங்கே என்று அவள் கேட்டபோது, கழியைத் தட்டிக்காட்டி இதற்கடியில் தேடு என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது. இருபது வருஷமாகியும் அவளுக்கு அந்த ரோஷம் ஆறவில்லை.

தலைமையாசிரியர் முருகையன் நல்ல மனுஷர்தான், ஆனால் மழைக்கு முன்பே குடை விரிக்கிற ஆள்.

"பத்து மணிக்கு ஜனம் வந்துடும்மா. ஒன்பதரைக்குள்ள உங்க படம் ஏறலன்னா பழைய படத்தையே மாட்டிடுவேன். அப்புறம் என்னைக் கோச்சிக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்தந்த ஊர் ஆசிரியர்களுக்கு ஊருக்கு ஒரு தாள் அனுப்பி, ஏரி எங்கே, ஓடை எங்கே, என்ன விளைகிறது, யார் வாழ்கிறார்கள், அண்ணாமலையார் மலை எந்தப் பக்கம் என்று பிள்ளைகளை வைத்து வரையச் சொல்லி எழுதியிருந்தாள். வந்து சேர்ந்த தாள்களைப் பார்த்துப் பூரித்துப்போனாள். நிலக்கடலை விளைகிற ஒரு ஊர் மல்லாட்டைத் தோலையே ஒட்டி அனுப்பியிருந்தது. ஒரு ஊர், எங்கள் ஏரியை ஒரு ராஜா ஒரே இரவில் வெட்டினார் என்று எழுதியது. பக்கத்து ஊர் சும்மா இருக்குமா? அதே ராஜா அதற்கு முந்தின இரவே எங்கள் ஏரியை வெட்டிவிட்டார் என்று எழுதியது. இன்னொரு ஊர் மக்களைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தது: 'எல்லாரும் சொந்தக்காரர்கள், பேச்சுவார்த்தை இல்லை.'

கண்காட்சியன்று காலை எட்டு மணிக்கு, நடுவில் மலை வரைந்த பெரிய வெள்ளைத் துணியை விரித்து, பியூன் மண்ணாங்கட்டியின் உதவியோடு தாள்களைப் பொருத்த ஆரம்பித்தாள். அவளே வரைந்த கீழ்பென்னாத்தூர் தாளில் மலை மேலே இருந்தது, ஆகவே தாளை மலைக்குக் கீழே வைத்தாள். அடுத்தது அடி அண்ணாமலை. அதிலும் மலை மேலேதான். அடுத்ததிலும் அப்படியே. இருபத்திரண்டு தாளிலும் மலை மேலேயே உட்கார்ந்திருந்தது. துணியின் மூன்று பக்கம் வெறிச்சென்று கிடக்க, அத்தனை ஊரும் மலைக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்துகிடந்தன.

"ரேஷன் கடை வரிசையாட்டம் கீதுங்க டீச்சர்" என்றான் மண்ணாங்கட்டி.

ரேணுகாம்பாள் மணியைப் பார்த்தாள். அன்று காலைதான் தன் ஊர்த் தாளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றிருந்த அடி அண்ணாமலை ஆசிரியர் அர்ஜுனனைப் பிடித்துக்கொண்டாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றிக் கால் தேய நடக்கிறவள் நான், உங்கள் ஊர் மலைக்கு அந்தண்டைப் பக்கம் என்று எனக்குத் தெரியாதா என்று பொரிந்து தள்ளினாள்.

"மலை எங்களுக்கு எதிர்ல தானே டீச்சர் இருக்குது? எதிர்ல இருக்கறத மேல தானே போடணும்?" என்றார் அவர்.

பதில் சொல்ல வாயெடுத்தவள் நின்றாள். அவர் தாளில் மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் உதித்துக்கொண்டிருந்தான். அவளுடைய சொந்த ஊர்த் தாளில் அதே மலைக்குப் பின்னால் சூரியன் மறைந்துகொண்டிருந்தான். மேலே வடக்கு, கீழே தெற்கு என்று தினமும் பிள்ளைகளைக் கத்தவைக்கிற மகராசி, தன் ஊரை வரையும்போது மேற்கே இருக்கிற மலையைத் தூக்கி மேலே வைத்திருக்கிறாள். இங்கே பிறந்தவர்களுக்கு மலை இருக்கும் பக்கம்தான் மேல்பக்கம். வடக்கெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தான்.

அவள் தாள்களைத் திருப்பத் தொடங்கினாள். அடி அண்ணாமலையை மலைக்கு மேற்கே கொண்டுபோய், தாளின் மேல்பக்கம் மலையைப் பார்க்க வைத்தாள். அர்ஜுனன் வடக்கத்தி ஊர்களைத் திருப்பினார். ஒரு தாளின் விளிம்பில் நின்றுபோன ஓடை, பக்கத்துத் தாளில் விரற்கடை தள்ளித் தொடர்ந்து ஏரியில் போய் விழுந்தது. ஏரிக்குப் போட்டி போட்ட ஊர்கள் இரண்டும் ஒரே ஏரியைத்தான் வரைந்திருந்தன. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஒன்பதேகாலுக்கு முருகையன் பழைய படச்சுருளோடு வந்தார். பார்த்தார். பாதி ஊர்களில் எழுத்து தலைகீழாக நிற்கிறதே, இதைச் சுவரில் மாட்டினால் பள்ளியின் மானம் கப்பலேறாதா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை.

"அப்ப சுவரே வேணாம் சார். தரையிலயே கிடக்கட்டும்" என்றாள் ரேணுகாம்பாள்.

அவர் யோசிப்பதற்குள் மண்ணாங்கட்டி பெஞ்சுகளை ஓரம் கட்டிவிட்டான். பத்து மணிக்கு ஜனம் வந்தது. தரையில் மலையைக் கண்டதும், யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார்கள். அவரவர் ஊர்ப் பக்கம் நின்றால் எழுத்து நேராகத் தெரிந்தது, மலை எதிரே இருந்தது. அடுத்த ஊரைப் படிக்க மலையை வலப்பக்கம் விட்டு நகர்ந்தார்கள். சற்று நேரத்தில் கூடமே மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. முருகையனும் சுருளை மூலையில் சாத்திவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

எல்லாரையும் உள்ளே விட்டபிறகு ரேணுகாம்பாளும் இறங்கினாள். தெற்கு, மேற்கு, வடக்கு என்று ஊர் ஊராகக் கடந்து கிழக்குப் பக்கம் வந்தாள். அங்கே கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் மூன்று வரிசையாக மொய்த்துக்கொண்டு, தங்கள் தெருவைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எக்கி எக்கிப் பார்த்தாள். தன் ஊரைப் பார்க்க அவளுக்கே இடம் கிடைக்கவில்லை.